பத்திரமா ஏத்தியாச்சு

— அதுல உக்காராதண்ணா.

— ஏன் பாப்பா, நல்லாத்தானே இருக்கு? கைப்பிடி இருக்கு, சக்கரம் இருக்கு. கேமரா எந்தப் பக்கம் நின்னாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கலாம்.

— சீட்டைத் தூக்கிப் பாரு, தெரியும்.

— சீ. கக்கூஸ் நாற்காலியை எதுக்கு முன் ரூம்ல போட்டு வெச்சிருக்கே?

— உள்ள கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல நான் நிக்கிறதுக்கே இடம் பத்தல. அம்மாவுக்கு வேணுங்கிறப்ப உருட்டிட்டுப் போவேன். கழுவித்தான் வெச்சிருக்கேன், மூஞ்சியைச் சுளிக்காதே.

— ஏங்க, எதுக்கும் பேன்ட்டைப் பின்னாடி தட்டிக்கோங்க. நான் எதுக்குச் சொல்றேன்னா, உங்க கம்பெனி கேமராக்காரர் எந்தப் பக்கத்துல இருந்து எடுப்பாரோ, யாரு கண்டா.

— முன்னாடி இருந்துதான் எடுப்பாரு. கதையே முன்பக்கம்தான். பேசிக்கலி, இது மனசைத் தொடுற படம். ‘தாயின் குரலைக் காத்த தனயன்’. தலைப்பு நானே வெச்சேன்.

— தனயன்னா யாருங்க?

— மகன். நான்தான்.

— மகன்னே வெச்சிருக்கலாமே.

— மகன்னா எல்லார் வீட்லயும் இருக்கான்.

— சரிண்ணா, படத்துல என்னதான் வரும்? வந்ததுல இருந்து சோபாவை நகர்த்து, திரையை இழுன்னு சொல்றே, விஷயத்தைச் சொல்ல மாட்டேங்கிறே.

— சிம்பிளா சொல்றேன் பாப்பா. நான் லேப்டாப்பைத் திறப்பேன். ஒரு பட்டனை அழுத்துவேன். அம்மா நல்லா இருந்தப்ப பேசின பேச்சு கிளவுட்ல இருந்து இறங்கி வரும். வாய் பேச முடியாம படுத்திருக்கிற அம்மா தன் குரலைத் தானே கேப்பாங்க. அந்த முகத்தை க்ளோஸ்-அப்ல பிடிக்கணும். கண்ணுல தண்ணி வந்துட்டா ரொம்ப நல்லது.

— தண்ணி சும்மாவே வரும். பக்கவாதம் வந்த பக்கத்துக் கண்ணு முழுசா மூடுறதில்ல. அதுக்குத்தான் சொட்டு மருந்து விட்டுட்டு இருக்கேன்.

— அப்போ படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் விடாதே.

— அத்தைக்கு அந்தக் காப்பிக் கறை நைட்டியை மாத்திடலாமாம்மா? நான் எதுக்குச் சொல்றேன்னா, படம் பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் பார்ப்பாங்களாம்.

— காப்பி இல்ல அண்ணி, மருந்து. காலையில தலையைத் தூக்கி ஸ்பூன்ல கொடுத்தேன், கடைவாயில வழிஞ்சுடுச்சு. மாத்தி விடறேன்.

— நாம பேசுறதெல்லாம் இப்போ புரியுதா அத்தைக்கு?

— எல்லாம் புரியுது. பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தங்க வர்றாங்களே, அவங்க சொன்னாங்க, காதும் புத்தியும் அப்படியேதான் இருக்காம். சொல்லு மட்டும்தான் வரமாட்டேங்குதாம். எழுதிக் காட்டுங்கன்னு கையில பேனாவைக் கொடுத்தாலும் வராதாம். உள்ள எல்லாம் இருக்கு, வெளிய வர வழியில்ல, அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க.

— ‘உள்ள எல்லாம் இருக்கு, வெளிய வர வழியில்ல.’ அருமையான வரி. இதை நான் படத்துல சொல்லிக்கிறேன். அவங்க பேரைப் போடணும்னு கேக்க மாட்டாங்கல்ல?

— கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு உன்னைத் தெரியாது. அவங்க வர்ற நாள்ல நீ வர்றதில்ல.

— அவங்க எப்ப வர்றாங்க?

— தினமும்.

— இதுல குத்தல் ஏதாவது இருக்கா பாப்பா?

— இல்லண்ணா. கேட்டே, சொன்னேன். இன்னொண்ணும் சொல்றேன். நீ உள்ள வந்து நின்னா அம்மா உன் மூஞ்சியையே பார்க்கிறாங்க, கவனிச்சியா? வேற யாரு வந்தாலும் அப்படிப் பார்க்கிறதில்ல. எதையோ தேடுற மாதிரி.

— கவனிச்சேன். அந்தப் பார்வையைத்தான் கேமராவுல பிடிக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன். உனக்குத் தெரியுமா, ‘என் தாயின் குரல் இனி மேகங்களில் வாழும்’னு இன்டர்நெட்ல ரெண்டே வரிதான் போட்டேன். எத்தனை பேரு அழுதாங்க. எங்க வைஸ் பிரெசிடென்ட் ஃபோன்ல கூப்பிட்டு, உங்களைப் பெத்தவங்க கொடுத்து வெச்சவங்கன்னாரு.

— உங்கண்ணன் அன்னிக்கு ஸ்பீக்கர்ல போட்டு எனக்கும் காட்டினாரும்மா. நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன். கையில இருந்த துணியோட நின்னு கேக்கணும்னுட்டாரு.

— சரிண்ணா. கேமராக்காரர் வர்றதுக்குள்ள நீ எனக்கு ஒண்ணு காட்டணும். நான் கொடுத்த பென் டிரைவ்ல இருந்ததெல்லாம் ஏறியிருக்கான்னு பேரை மட்டும் பார்த்துக்கிறேன்.

— பேரை மட்டும் ஏன்? போட்டுக் கேளேன்.

— நான் கேக்கல. பேரு போதும். நீ கேட்டியா?

— என்னத்தை?

— அம்மா பேசினதை. ஆஸ்பத்திரி வராந்தாவுல கையில கொடுத்தப்பவே சொன்னேனே. அம்மா உன்கிட்ட கொடுக்கச் சொல்லி இருந்தாங்க, முதல்ல உக்காந்து கேளுன்னு.

— பாப்பா, நான் ஒரு முதன்மை கிளவுட் ஆர்க்கிடெக்ட். பாலம் கட்டுறவன் அதுல போற லாரியை எல்லாம் நிறுத்தி, மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்ப்பானா? மூட்டை அந்தக் கரைக்குப் போகணும். போயிடுச்சு. என் வேலை முடிஞ்சுது.

— ஒண்ணுகூடவா கேக்கல?

— நேரம் எங்க இருக்கு? இதைப் பத்தி மேடை ஏறிப் பேசவே எனக்கு நேரம் பத்தல.

— நிஜம்தாம்மா. போன வாரம்கூட உங்கண்ணனுக்கு ஒரு பேச்சு இருந்துச்சு. ‘எதுவும் தொலையாது’ன்னு தலைப்பு. போன இடத்துல குடையை விட்டுட்டு வந்துட்டாரு.

— குடை என் டிபார்ட்மென்ட் இல்ல. பாப்பா, சாதாரணமா ஒருத்தன் என்ன பண்ணுவான்? ஒவ்வொரு ஃபைலா கையால இழுத்துப் போடுவான். நான் அதுக்குன்னு தனியா ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம், ஸ்கிரிப்ட்னு சொல்வோம், எழுதினேன். ராத்திரி பகலா உக்காந்து செதுக்கினேன். ஒரு தட்டு தட்டினா போதும், அத்தனையும் தானா மேல ஏறி உக்காந்துக்கும்.

— யாரோ எழுதி இன்டர்நெட்ல போட்டிருந்ததை எடுத்தேன்னு என்கிட்ட சொன்னீங்களே.

— எடுத்துத் தழுவினேன். அதுல ஒரு வரி நான் சேர்த்தது. முழுக்க முழுக்க என் சொந்த வரி. அந்த ஸ்கிரிப்டுக்கு உயிரே அதுதான்.

— சரி, லேப்டாப்பைத் திற.

— திறக்கறேன். இரு, வெளிச்சம் மேல விழுது. இதோ. இதுதான் அம்மாவோட பெட்டகம். ‘மதர் வாய்ஸ் லெகசி ஃபைனல்’னு பேரு வெச்சிருக்கேன்.

— எங்க?

— என்ன எங்க?

— ஒண்ணுதானே இருக்கு.

— லோட் ஆகிட்டு இருக்கு.

— சுத்திட்டு இருந்த வட்டம் நின்னுடுச்சேண்ணா.

— பேசிக்கலி, கிளவுட்ங்கிறது நீ வேலை பார்க்கிற மருந்துக்கடை அலமாரி இல்ல, திறந்ததும் டப்பா டப்பாவா கண்ணுக்குத் தெரியறதுக்கு. உலகத்துல பல மூலையில இருக்கும். ஒவ்வொண்ணா வந்து சேரும்.

— வந்து சேர்ந்த ஒண்ணுக்கும் பேரு இல்ல. ஒரு புள்ளி, அதுக்குப் பக்கத்துல எம்பி3. அவ்வளவுதான் இருக்கு.

— அது சும்மா ஒரு தற்காலிகத் தோற்றம். ரிஃப்ரெஷ் பண்ணினா சரியாயிடும்.

— பண்ணு.

— பண்ணிட்டேன்.

— இப்பவும் ஒண்ணுதான்.

— உன் வீட்டு வைஃபை சரியில்ல.

— நான் வெச்ச பேரு ஒண்ணைக்கூடக் காணோமே. ‘நீலச் சட்டை’, ‘மதில் ஏறினது’, ‘அப்பா கடைசியா கேட்டது’...

— இதெல்லாம் ஃபைலுக்கு வெக்கிற பேரா? தேதி போடணும், நம்பர் போடணும், ஒரு ஒழுங்கு வேணாம்?

— அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அவங்க என்ன சொன்னாங்களோ அதுதான் பேரு.

— ஏம்மா, உள்ள என்னவோ டங்கு டங்குன்னு சத்தம் கேக்குதே.

— அம்மா கட்டில் கம்பியைத் தட்டுறாங்க அண்ணி. பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும், இல்லாட்டி முதுகு புண்ணாயிடும். நான் போய்ப் பார்த்துட்டு நைட்டியையும் மாத்திட்டு வர்றேன். அண்ணா, நீ அதுக்குள்ள எல்லாத்தையும் வரவழைச்சு வை.

— வரவழைக்கிறேன், நீ போ.

— போயிட்டா. ஏங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— ஃபேனைப் போடு.

— ஓடிட்டுத்தான் இருக்கு.

— இங்க பாரு, ஸ்கிரிப்ட் கொடுத்த ரிப்போர்ட். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி. ஏத்தியாச்சு, சக்ஸஸ். ஏத்தியாச்சு, சக்ஸஸ். பக்கம் பக்கமா சக்ஸஸ். இதுல ஒரு ஃபெயில் இருந்தா காட்டு பார்க்கலாம்.

— எனக்கென்ன தெரியும். சக்ஸஸ்னு எழுதுறது யாரு?

— ஸ்கிரிப்ட்.

— ஸ்கிரிப்ட் எழுதினது?

— நான்.

— அப்போ உங்க பரீட்சைக்கு நீங்களே மார்க் போட்டுக்கிட்டீங்க.

— சும்மா இரு, யோசிக்க விடு. பென் டிரைவைத் திறக்குது. ஒவ்வொரு ஃபைலா எடுக்குது. பேரைச் சுத்தம் பண்ணுது. மேல ஏத்துது. ஏறிடுச்சுன்னு தெரிஞ்சதும் பென் டிரைவ்ல இருக்கிறதை அழிச்சுடுது. இதுல எங்க தப்பு நடக்கும்?

— பேரைச் சுத்தம் பண்றதுன்னா?

— அதுதான் நான் சேர்த்த வரி. சில பேரு ஃபைல் பேருல கண்ட குப்பையையும் போட்டு வெப்பாங்க. அதையெல்லாம் உதிர்த்துட்டு, இங்கிலீஷ் எழுத்தையும் எண்ணையும் புள்ளியையும் மட்டும் விட்டு வெக்கும். இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு.

— உங்க தங்கச்சி தமிழ்லதானே பேரு எழுதியிருக்கா?

— ஆமா.

— உதிர்த்தா என்ன மிஞ்சும்?

— இரு.

— ஏங்க, என்ன மிஞ்சும்?

— ஒண்ணும் மிஞ்சாது. புள்ளியும் எம்பி3யும் மிஞ்சும்.

— எல்லாத்துக்குமா?

— எல்லாத்துக்கும்.

— ஒரே பேருல ரெண்டாவது ஒண்ணு வந்தா உங்க கிளவுட் என்ன பண்ணும்?

— பழசைத் தூக்கிட்டுப் புதுசை வெக்கும்.

— ஒவ்வொரு தடவையுமா?

— ஒவ்வொரு தடவையும்.

— ஒரே டம்ளர்ல ஊத்தி, கொட்டி, மறுபடி ஊத்தி, மறுபடி கொட்டி... கடைசியா ஊத்தினது மட்டும்தான் இருக்கு. ஊத்தினப்பல்லாம் ஒரு சக்ஸஸ் எழுதிக்கிட்டீங்க.

— இப்போ உவமை எல்லாம் வேண்டாம்.

— பழசையும் தூக்கிப் போடாம வெச்சிருக்கிற வசதி ஒண்ணு இருக்குன்னு மேடையில சொன்னீங்களே? அது இல்லாதவன் வீட்டுக்குக் கதவே இல்லைன்னு கூட சொன்னீங்க, எல்லாரும் கை தட்டினாங்க.

— இருக்கு. அதை நான் அணைச்சு வெச்சிருந்தேன்.

— ஏன்?

— பார்க்க அடைசலா இருக்கும்.

— நல்லாயிருக்கு. சரி, பென் டிரைவ்ல அழிச்சதை மீட்டுக் கொடுக்கிற கடை எல்லாம் இருக்காமே?

— ஆமா. கரெக்ட். அழிச்சாலும் உடனே போயிடாது. அது மேல வேற எதையும் எழுதாம இருந்தா மீட்டுடலாம். எங்க அந்த பென் டிரைவ்? சிவப்புக் கலரு.

— சிவப்பா? அதைத்தானே என் தம்பிகிட்ட கொடுத்தீங்க.

— எதுக்கு?

— நீங்க பேசின மேடைப் பேச்சு வீடியோ அத்தனையும் அதுல நிரப்பி, அவன் பார்த்துக் கத்துக்கட்டும்னு. விளிம்பு வரைக்கும் நிரப்பிட்டு, இன்னும் ரெண்டு பேச்சுக்கு இடம் இல்லாமப் போச்சேன்னு வருத்தப்பட்டீங்க.

— அவன் பார்த்தானா?

— இதுவா இப்போ கேள்வி?

— சும்மா கேட்டேன்.

— பார்க்கல. அவன் வீட்டு டிவிக்குப் பின்னாடி கிடக்கு. ஏங்க, அப்போ மிச்சம் இருக்கிறது இந்த ஒண்ணுதானா? போடுங்க, என்னன்னாவது கேப்போம். சத்தத்தைக் குறைச்சு வைங்க.

— போடறேன்.

— “ஓடுதா இது? சிவப்பா எரியுது, ஓடுது போல. இன்னிக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. சொல்ல வேண்டியதை எல்லாம் முன்னாடியே சொல்லி முடிச்சுட்டேன். நிறுத்துறேன்.”

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— முன்னாடியே சொல்லிட்டேங்கிறாங்க. அந்த முன்னாடி சொன்னதைத்தானே நீங்க...

— நீளம் கச்சிதமா இருக்கு. குரலும் தெளிவு. படத்துக்கு இது தாராளமாப் போதும்.

— உங்களுக்குக் கொஞ்சமாவது மனசு உறுத்துதா இல்லையா?

— உறுத்துறதுக்கு முன்னாடி தீர்வு யோசிக்கணும். அதான் எங்க தொழில். கேளு. இப்போ ஒரு மெஷின் வந்திருக்கு. ஒரு ஆளோட குரல்ல கொஞ்சம் கொடுத்தா போதும், நாம எழுதிக் கொடுக்கிறதை அதே குரல்ல பேசும். பாப்பாவுக்கு அந்தப் பேரெல்லாம் ஞாபகம் இருக்கு. தந்திரமா வாங்கிக்கிட்டு, அதே பேருல அத்தனையும் புதுசா செஞ்சு வெச்சுடலாம். அவதான் பேரை மட்டும் பார்த்தா போதுங்கிறாளே.

— அத்தை என்ன பேசினாங்கன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?

— நான் எழுதிக் கொடுப்பேன்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— என் அம்மாதானே? என்ன பெருசாப் பேசியிருக்கப் போறாங்க? சாப்பிட்டியா, தூங்கினியா, உடம்பைப் பார்த்துக்கோ. நான் எழுதினா இதைவிட நல்லா இருக்கும். நடுவுல ஒரு இடத்துல, ‘என் குரல் போனாலும் என் மகன் அதைக் காப்பாத்துவான்’னு ஒரு வரி.

— குரல் போகப் போகுதுன்னு அத்தைக்கு முன்கூட்டியே தெரியுமா என்ன?

— தாய்க்கு எல்லாம் தெரியும். படம் பார்க்கிறவன் இதையெல்லாம் குடைஞ்சு கேக்க மாட்டான்.

— நான் ஒண்ணும் சொல்லலப்பா. நல்லதா ஒரு துணி உடுத்திட்டு வந்து பக்கத்துல நில்லுன்னீங்க, வந்தேன். அதுக்கு மேல இதுல எனக்குப் பங்கு இல்ல. வாயை மூடுங்க, அவ வர்றா.

— என்னண்ணா, எல்லாம் வந்துடுச்சா?

— வந்துட்டே இருக்கு பாப்பா. கிளவுட் பக்கம் சின்னதா ஒரு பராமரிப்பு வேலை நடக்குது. ரெண்டு மூணு நாள்ல பேரோட வந்துடும். நீ அந்தப் பேரை எல்லாம் எனக்கு மெசேஜ்ல அனுப்பிடு, நான் சரிபார்த்து வெச்சுடறேன்.

— எதுக்கு, மெஷினுக்குக் கொடுக்கவா?

— எந்த மெஷின்?

— இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல இருக்கிறது கதவில்லண்ணா, துணி. அம்மாவைத் திருப்பிப் படுக்க வெச்சு முதுகுக்குப் பவுடர் போட்டுட்டு இருந்தேன். டம்ளர்ல ஊத்தினதுல இருந்து எல்லாம் கேட்டுச்சு.

— அய்யோ. அத்தைக்குமா?

— அம்மா முகம் இந்தப் பக்கமாத்தான் இருந்துச்சு அண்ணி.

— சரி, கேட்டதும் ஒரு வகையில நல்லதுதான். ஒளிவு மறைவு எனக்கு ஆகாது. ஆனா அடிப்படைக் காரணம் என்னன்னு பார்க்கணும் பாப்பா. யாராவது ஃபைலுக்குத் தமிழ்ல பேரு வெப்பாங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டிருந்தா இன்னிக்கு இந்த நிலைமை வந்திருக்குமா?

— அப்போ தப்பு என்னோடதுங்கிறே.

— தப்புன்னு நான் சொல்லல. நீ கொடுத்த சரக்கோட தரம்னு சொல்றேன்.

— அம்மா தமிழ்ல சொன்னாங்க, நான் தமிழ்ல எழுதினேன். நீ அதைக் குப்பைன்னு உதிர்த்துட்டே.

— உணர்ச்சிவசப்படாதே. இன்னொண்ணு கேக்கறேன். நீ ஏன் காப்பி எடுத்து வெச்சுக்கல? எந்தப் பொருளா இருந்தாலும் இன்னொரு இடத்துல ஒரு காப்பி வேணும்னு நான் ஊர் ஊராப் போய்த் தொண்டை கிழியச் சொல்றேன். சொந்தத் தங்கச்சி கேக்கல.

— நீங்க எத்தனை இடத்துல வெச்சிருந்தீங்க?

— நான் கிளவுட்ல வெச்சிருந்தேன்.

— கேட்டியாம்மா பதிலை?

— விடுங்க அண்ணி. அண்ணா, அம்மா குரல் என் ஃபோன்ல நிறைய இருக்கு.

— என்னது?

— நான் கடையில இருக்கிறப்ப அம்மா பேசி அனுப்பினதெல்லாம் அப்படியே இருக்கு. எதையும் அழிக்கல. பேச்சுப் பயிற்சிக்கு வர்றவங்க அதைத்தான் போட்டுக் காட்டி, இதைச் சொல்லுங்க, அதைச் சொல்லுங்கன்னு அம்மாவைப் பழக்குறாங்க.

— அடிப்பாவி, இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு. அப்போ பேசிக்கலி இங்க எதுவும் தொலையவே இல்ல. சொல்லப்போனா நம்ம குடும்பத்துக்கே காப்பி வெச்சுக்கிற பழக்கம் ரத்தத்துல ஊறியிருக்கு. இதையும் படத்துல சேர்த்துக்கலாம்.

— அப்பாடா. ஏங்க, கேமராக்காரர் கீழ வந்து வண்டியை நிறுத்திட்டாராம், மெசேஜ் அனுப்பியிருக்காரு. ஃபோனைக் கொடும்மா, உங்கண்ணன் மளமளன்னு லேப்டாப்ல ஏத்திக்கட்டும்.

— ஏத்திக்கட்டும் அண்ணி, இந்தாங்க. ஆனா அது வேற, இது வேற.

— வேறன்னா? அம்மா குரல்தானே பாப்பா? குரல்னா குரல்தான்.

— என் ஃபோன்ல இருக்கிறது அம்மா என்கிட்ட பேசினது. பால் தீர்ந்துடுச்சு, வர்றப்ப ஒரு பல்பு வாங்கிட்டு வா, குடையை எடுத்துட்டுப் போனியா. அதுதான் இருக்கு. பென் டிரைவ்ல இருந்தது உன்கிட்ட பேசினது.

— என்கிட்டயா? என்கிட்ட எப்போ பேசினாங்க?

— நீ ஃபோன் எடுக்காதப்பல்லாம். அடிச்சு அடிச்சுப் பார்ப்பாங்க. மீட்டிங்ல இருப்பான், தொந்தரவு பண்ண வேண்டாம், இதுல பேசி வெச்சுடறேன், நேர்ல வர்றப்ப கொடுத்துடுன்னு ரெக்கார்டரை வாங்கிக்குவாங்க. நீ நேர்ல வர்றதுக்குள்ள அது நிறைய சேர்ந்துடுச்சு. நீ வந்தது ஆஸ்பத்திரிக்குத்தான்.

— நீ அப்பவே விவரமாச் சொல்லியிருக்கணும்.

— வராந்தாவுல சொல்ல வாயெடுத்தேன். உனக்கு ஃபோன் வந்துச்சு, எடுத்துப் பேசிட்டே லிஃப்ட்டுக்குள்ள போயிட்டே.

— ஏம்மா, அத்தை என்ன பேசினாங்கன்னு உனக்காவது தெரியும்ல? ஒண்ணு ரெண்டு சொல்லேன். இவரு மூஞ்சியைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு.

— தெரியாது அண்ணி. இது பெரியவனுக்கு மட்டும்னு சொல்லி, என்னை மாடிப்படி வரைக்கும் அனுப்பிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாங்க. முடிஞ்சதும் கூப்பிட்டு, பென் டிரைவுக்கு மாத்திட்டு ரெக்கார்டர்ல அழிச்சுடு, இதுக்கு இன்ன பேரு எழுதுன்னுவாங்க. சில நாள் கண்ணைத் துடைச்சுட்டு இருப்பாங்க, சில நாள் தனியாச் சிரிச்சுட்டு இருப்பாங்க. ஏன்னு கேட்டா, அவன் கேக்கறப்ப அவனுக்குப் புரியும்னுவாங்க.

— நீ ஒரு தடவைகூடவா ஒட்டுக் கேக்கல? ஒண்ணைக்கூடவா?

— கேக்கக்கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருந்தாங்க.

— பாப்பா, விளையாடாதே. என்கிட்ட அப்படி என்னதான் சொன்னாங்க?

— உள்ள முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்காங்க. போய் அவங்களையே கேளு.